நீ வீட்டில் இருப்பதாக என் போன் சொல்கிறது

பிரபு,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்குக் கை வரவில்லை. இன்று காலையும் போனைத் திறந்து பார்த்தேன். மேப்பில் உன் படம் போட்ட வட்டம் ஆவடி சேக்காட்டில், நம் தெருவில், நம் வீட்டின் மேலேயே நிற்கிறது. பக்கத்தில் 'இப்போது' என்று எழுதியிருக்கிறது. நான் இதோ அடுப்படியில் நிற்கிறேன். உன் அறைக் கதவு திறந்து கிடக்கிறது. கட்டிலில் நீ மடித்து வைத்துவிட்டுப் போன போர்வை அப்படியே இருக்கிறது. பொய் என்று தெரிந்தும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நீ போய் மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. தினமும் இப்படித்தான் எட்டிப் பார்க்கிறேன்.

இதைத் தாளில் எழுதி உன் சிநேகிதன் மணியிடம் கொடுக்கப் போகிறேன். அவன் டைப் அடித்து, நீங்கள் எல்லாரும் இருக்கிற குரூப்புகளில் போடுவதாகச் சொல்லியிருக்கிறான். "வீட்டு விஷயம்மா, ஊரே படிக்கும், பரவாயில்லியா?" என்று அவனே தயங்கினான். படிக்கட்டும். அங்கன்வாடியில் இத்தனை வருஷம் அடுத்தவர் பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்து வீட்டுக்கு அனுப்பியவள், தன் பிள்ளை எங்கே என்று தெரியாமல் தவிக்கிறாள் என்று ஊர் சொல்லட்டும். யாரோ ஒருவர் படித்து உன்னிடம் காட்டினால் எனக்குப் போதும்.

உனக்குப் போன் போட்டால் ரிங் போகிறது. நீ எடுப்பதில்லை. கோபத்தில் எடுக்காமல் இருக்கிறாய் என்று மற்ற அம்மாக்களால் நினைத்துக்கொள்ள முடியும். என்னால் முடியவில்லை. அந்த மழை நாளிலும் இப்படித்தான் ரிங் போனது. அன்றைக்கும் உன் வட்டம் ஓர் இடத்தில் அசையாமல் நின்றது. அன்றைக்கு நீ எந்த நிலையில் கிடந்தாய் என்பது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வாங்கிய புதுப் போனிலும் நீ ஏன் அதையே செய்து வைத்தாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

புது வண்டி வாங்கிய அன்று நீயேதான் என் போனை வாங்கி அந்த வட்டத்தை வைத்துக்கொடுத்தாய். "மா, சும்மா சும்மா ஃபோன் பண்ணிகினே கீற. கஸ்டமர் வூட்டுல பைப்ப கைல புடிச்சிகினு எப்படிமா எடுக்கறது? இத பாத்துக்கோ, நான் எங்க கீறேன்னு தெரியும்" என்றாய். தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் சர்வீஸ் வேலை உனக்கு. அம்பத்தூர், கொரட்டூர், பாடி என்று நாள் முழுக்க அலைச்சல். நானும் போன் போடுவதைக் குறைத்துக்கொண்டேன். மதியம் அங்கன்வாடியில் பிள்ளைகள் தூங்கும்போது எடுத்துப் பார்ப்பேன். வட்டம் நகர்ந்துகொண்டிருக்கும். சாப்பிட்டானோ இல்லையோ, உயிரோடு சுற்றுகிறான் என்று வைத்துவிடுவேன். உன் குரலைக் கேட்பதை விட்டுவிட்டு அந்த வட்டத்தை நம்பப் பழகியது அப்போதிருந்துதான்.

உங்கள் கம்பெனி ஆப்பும் உன்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் மேனேஜர் கூப்பிடுவான். ஒருநாள் வெயிலில் மயக்கம் வந்து பட்டரவாக்கத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, "அங்க இன்னா பண்ற?" என்று அவன் கத்தினான் என்று நீ வந்து சொன்னாய். அதற்குப் பிறகுதான் நீயும் மணியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பையும் வயரையும் வைத்துக்கொண்டு நம் கூடத்தில் உட்கார்ந்தீர்கள். போன் செய்கிறவன் நமக்குத் திறந்துவிடாமல் பூட்டி வைத்திருக்கும் உள்பகுதிவரை கை வைக்கும் உரிமையை எடுத்துக்கொள்வதற்குப் பெயர் ரூட் பண்ணுவது என்று சொன்னாய். அந்த உரிமை இருந்தால்தான் ஓடும் என்று சில ஆப்கள் உண்டாம். அதில் ஒன்று, நீ மேப்பில் எங்கே விரல் வைக்கிறாயோ அங்கேதான் நீ இருக்கிறாய் என்று போனையே நம்பவைக்குமாம். சாதாரணமாகச் செய்தால் கம்பெனி ஆப் கண்டுபிடித்துவிடும், ரூட் பண்ணினால் கண்டுபிடிக்காது என்றாய். மணி இட்லியை வாயில் வைத்துக்கொண்டே, "இப்போ ஃபோன் நம்ம சொல்றத கேக்கும்மா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த மேனேஜருக்கு நன்றாக வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அடுத்த வாரமே ஆவடி மார்க்கெட்டில் காய்க்காரம்மாவுக்குப் பணம் அனுப்பப் போனபோது, உன் போனில் பேங்க் ஆப் திறக்கவில்லை. இந்தப் போன் பாதுகாப்பாக இல்லை என்று எழுதிக் காட்டியது. "ரூட் பண்ணதால சந்தேகப்படுதும்மா. அதுக்கு ஒரு ஆப் கீது, ரூட் பண்ணதையே மறைச்சிடும்" என்று நீ சாவகாசமாகச் சொன்னாய். பை நிறையக் கத்திரிக்காயோடு நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய்யா என்று அப்போது லேசாக உறுத்தியது. கேட்கவில்லை. இது ஆம்பிளைப் பிள்ளைகளின் விளையாட்டு, எனக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன்.

எனக்குத் தெரியாதது இன்னொன்று இருந்தது. கம்பெனிக்காக வைத்த அந்தப் பொய் எனக்கும் சேர்த்துத்தான். நீ கொரட்டூரில் இருப்பதாக என் போன் சொன்ன மதியங்களில் பாதி, நீ நசரத்பேட்டையில் உன் அப்பாவின் காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாய்.

படிக்கிறவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். இவன் பத்தாவது படிக்கும்போது இவன் அப்பா இன்னொரு குடும்பம் தேடிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் பேச்சு இந்த வீட்டில் எழுந்ததில்லை. போகாதே என்று நான் இவனைத் தடுத்ததில்லை. போகிறேன் என்று இவனும் கேட்டதில்லை. அவர் போய்ச் சேர்ந்த அந்த அம்மாள் செத்துப்போனதும், அவருக்குச் சர்க்கரை ஏறிக் காலில் ஆறாத புண் வந்ததும், பார்க்க ஆளில்லாமல் ஒற்றை அறையில் கிடப்பதும் இவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. என் மனசு நோகக் கூடாது என்று மறைத்தாயா பிரபு? சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். அழுதிருப்பேன். நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் ஆகியிருக்காது.

அந்த மழை நாளை நாம் உட்கார்ந்து பேசியதே இல்லை. என் பக்கத்தில் என்ன நடந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. காலையில் பிடித்த மழை மதியம்வரை விடவில்லை. பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் போனைப் பார்த்தேன். உன் வட்டம் கொரட்டூர் ஏரிக் கரையில் நின்றது. கொட்டுகிற மழையில் ஏரிக் கரையில் என்ன சர்வீஸ் என்று கூப்பிட்டேன். ரிங் போனது. மறுபடி கூப்பிட்டேன். வட்டம் அசையவில்லை. கூப்பிட்டுக்கொண்டே ஆவடி ஸ்டேஷனுக்கு ஓடி ரயில் ஏறினேன். அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக வண்டி நிற்கும்போதும் போட்டேன். கொரட்டூரில் இறங்கி, போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். நான் போகப் போக, என் புள்ளி உன் வட்டத்தை நெருங்கியது. கடைசியில் கரையில் போய் நின்றேன். உன் வட்டம் எனக்கு எதிரே, தண்ணீருக்குள் கொஞ்ச தூரம் தள்ளி நின்றது.

நான் போட்ட கூச்சலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். யாரோ என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள் வந்து, என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கடுமையாகப் பேசாமல், ரப்பர் படகை இறக்கினார்கள். ஒரு பையன், உன் வயசுதான் இருக்கும், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஆகாயத்தாமரையை விலக்கி விலக்கி முங்கினான். அவன் ஒவ்வொரு முறை தலையை வெளியே எடுக்கும்போதும், வெறுங்கையா என்று நான் கையைத்தான் பார்த்தேன். அவன் உன்னை எடுத்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன், எடுத்துவிட வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதலை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அப்போதுதான் மணி வந்தான். நான் ரயிலில் இருந்து அழைத்திருந்தேன். வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தவன், என் போனைப் பார்த்தான், ஏரியைப் பார்த்தான், தலையில் கையை வைத்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா, அவங்கள வெளிய வரச் சொல்லுமா. இது நெஜமான எடம் இல்லம்மா."

"இன்னாடா சொல்ற?"

"அந்த ஆப்பு காட்டறதும்மா இது. அவன் காலைல கொரட்டூர்னு வெரல் வச்சிட்டுப் போயிருக்கான். வெரலு கொஞ்சம் தள்ளிப் பட்டுகீது. அதான் தண்ணில காட்டுது. அவன் இங்க இல்லவே இல்லம்மா."

ஒரு நொடி உயிர் வந்தது. உடனே அது போய்விட்டது. ஏரியில் இல்லை என்றால் எங்கே? அதுவரை தேட ஓர் இடமாவது இருந்தது. இப்போது சென்னை முழுக்க இருந்தது. மணியின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "அப்போ எங்கடா கீறான்?" என்றேன். அவன் அழுதான். அவனுக்கும் தெரியாது. நீ அப்பாவைப் பார்க்கப் போவதை அவனிடமும் சொல்லியிருக்கவில்லை.

படகைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது, தெரியாத நம்பரில் இருந்து எனக்குப் போன் வந்தது. எடுத்தவுடன் அந்தக் குரலைக் கண்டுபிடித்துவிட்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும்.

"நான்தான் பேசறேன். வச்சிடாத. புள்ள இங்க கீறான். உசுரோட கீறான்."

நசரத்பேட்டையில் பெங்களூர் ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி உன்னை இடித்துத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. பேச்சுமூச்சு இல்லாத உன்னை ஆம்புலன்ஸில் பூந்தமல்லிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மழைக்காகப் போனையும் பர்ஸையும் வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டியிருந்தாய். அதனால் நீ யார் என்று யாருக்கும் தெரியவில்லை. கட்டு மாற்ற வருவாய் என்று காத்திருந்த உன் அப்பா, டீக்கடையில் ஒரு பையன் அடிபட்ட பேச்சைக் கேட்டு, அந்தப் புண் காலோடு ரோட்டுக்கு நடந்து வந்திருக்கிறார். ஓரமாகத் தள்ளி வைத்திருந்த உன் வண்டியைப் பார்த்திருக்கிறார். "சீட்டுக்கு அடியில ஃபோன் அடிச்சிகினே இருந்துச்சு. நிக்கவே இல்ல. நீதான்னு தெரிஞ்சி போச்சு" என்று பிறகு என்னிடம் சொன்னார். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய், உன்னை அடையாளம் காட்டி, யாரிடமோ போன் இரவல் வாங்கி என்னைக் கூப்பிட்டிருக்கிறார். என் நம்பர் அவருக்கு மறக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது, உன் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். காலில் கட்டியிருந்த துணி சேறும் ரத்தமுமாக ஊறியிருந்தது. அந்த நடையில் புண் ஏறித்தான் பிறகு அந்தக் காலில் இரண்டு விரலை எடுக்க வேண்டி வந்தது. இதையும் உன்னிடம் யாரும் சொல்லவில்லை.

நீ பிழைத்தாய். வலது முட்டிக்குக் கீழே கம்பி வைத்தார்கள். விபத்து நடந்த நேரத்தில் நீ கொரட்டூரில் இருந்ததாகக் கம்பெனி ஆப் சொன்னது. அதை வைத்தே பொய் இடம் காட்டியதைக் கண்டுபிடித்து உன்னை வேலையில் இருந்து நிறுத்திவிட்டார்கள். அந்த வெட்கம் உன்னை அரித்ததை நான் பார்த்தேன். சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாய். பிறகு ஒருநாள் புதுப் போனை வாங்கி, நீட்டிய காலின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மறுபடியும் வயரைச் செருகினாய்.

"திரும்பவும் இன்னாத்துக்குடா?" என்றேன்.

"மா, இது வேற. வேலை தேடணும்ல? இந்த தபா எல்லாம் சேஃப்பா பண்ணிகினு கீறேன். நீ போ."

அதுதான் நாம் கடைசியாகச் சண்டை போட்டது. நான் போனைப் பிடுங்கப் போனேன். நீ விடவில்லை. அடுத்த திங்கட்கிழமை நான் அங்கன்வாடியில் இருந்து வந்தபோது நீ இல்லை. ஊன்றுகோலை விட்டுவிட்டுப் போயிருந்தாய். போனில் மட்டும் வீட்டில் இருந்தாய்.

முதலில் நசரத்பேட்டைக்குத்தான் ஓடினேன். அங்கே இருப்பாய், திட்டிக் கூட்டிவரலாம் என்று நினைத்தேன். கதவைத் திறந்தவர், எனக்குப் பின்னால் உன்னைத்தான் தேடினார். "உங்கூட வரலியா? கால் சரியானா வருவான்னு நானும் வாசலயே பாத்துகினு கீறேன்" என்றார். விரலை எடுத்துவிட்டு வந்ததில் இருந்து அவர் காலுக்குச் சரியாகக் கட்டு மாற்ற ஆளில்லை. அறைக்குள் நிற்க முடியவில்லை. வெந்நீர் வைத்து நானே கழுவிக் கட்டினேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நாற்றம் தாங்கவில்லை, அவ்வளவுதான். கட்டி முடித்ததும் அவர் தன் கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வா, தேடுவோம்" என்றார்.

போலீஸில் எழுதிக்கொடுத்திருக்கிறோம். அங்கே இருந்தவர் நல்ல மனுஷன். என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஊட்லதான காட்டுதும்மா?" என்றார். அவருக்கு ரூட் பண்ணுவது என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியிருந்தது. பெரிய பையன், தானாகப் போனவன், டவர் விவரம் கேட்டிருக்கிறோம், வரட்டும் என்றார். மணியிடம் கேட்டால், "வட்டம் 'இப்போது'ன்னு காட்டுதுன்னா ஃபோனுக்கு யாரோ சார்ஜ் போடறாங்கன்னு அர்த்தம்மா" என்கிறான். அந்த யாரோ நீதான் என்று பிடித்துக்கொண்டுதான் நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். போனை வேறு எவனாவது எடுத்து வைத்திருந்தாலும் சார்ஜ் போடுவானே என்று நினைப்பு வரும்போது சோற்றைத் தள்ளி வைத்துவிடுகிறேன்.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். எங்கே இருக்கிறாய் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். மேப்பில் இருந்து என்னை எடுத்துவிடு. ஒன்றுமே காட்டாத போன் எனக்குப் போதும்; அதைப் பார்த்து, தெரியவில்லை என்று நான் தெரிந்துகொள்வேன். மறைத்துக்கொள்வது வேறு கண்ணு, இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டுவது வேறு. பெரியவன் ஆனவனுக்கு மறைக்க நாலு விஷயம் இருக்கும், அது அவன் உரிமை. ஆனால் நீ விழுந்து கிடந்தால் தேடிவருகிறவர்களை வேறு பக்கம் அனுப்பிவிடுகிற பொய்யை உன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரியாதே. வீட்டில் இருப்பதாகக் காட்டினால் அம்மா நிம்மதியாக இருப்பாள் என்று நினைத்துத்தான் வைத்தாய் என்று எனக்கு ஒரு நினைப்பு. அப்படித்தான் என்றால், எனக்கு நிம்மதி இல்லை பிரபு. வேலை போனது பெரிய விஷயம் இல்லை. உன் அப்பாவைப் பார்க்கப் போனது தப்பே இல்லை. அதை இங்கே எல்லார் முன்னாலும் எழுதிவிட்டேன்.

நானும் அவரும் இப்போது ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், பேர் தெரியாமல் யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்கிறோம். நேற்று ஓர் இடத்தில், ஒரு பையன் இருக்கிறான், பார்க்கிறீர்களா என்றார்கள். எங்கே என்று கேட்டதற்கு, பின்பக்கம் கையைக் காட்டினார்கள். உன் அப்பாவால் உள்ளே வர முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் மட்டும் போனேன். முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. "வலது கால காட்டுங்க" என்றேன். அந்த ஆள் துணியை விலக்கினார். முட்டிக்குக் கீழே தழும்பு இல்லை. வழவழவென்று இருந்தது. எனக்குச் சந்தோஷம் வந்தது பிரபு. எவள் பெற்ற பிள்ளையோ அங்கே படுத்திருக்கிறான், எனக்குச் சந்தோஷம் வந்தது. வெளியே வந்து உன் அப்பாவைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். நான் அவர் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

நாளைக் காலையில் திருவள்ளூருக்குப் போகிறோம். அங்கேயும் யாரோ ஒரு பையன் இருக்கிறானாம். முதல் பஸ். நாங்கள் கிளம்புவதற்குள் கூப்பிடு. பேச வேண்டாம். நான் எடுத்ததும், 'மா' என்று சொல்லிவிட்டு வைத்துவிடு.

அம்மா